பதினெட்டு வரை எண்ணியவள்

14

நெரீனாவைப் போன வாரம் அடுப்படியில், கையில் ஒரு தந்தியோடு விட்டுவிட்டு வந்தோம். 'ஞாயிறு காலை நானும் ஒண்டீனாவும் ரோமிலிருந்து வருகிறோம். பேட்டைக் கொட்டகையில் மூன்று மணிக்கு நம் படம். லீவியோ.'

நம் படம்! கேட்பதற்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது.

மார்ச் மாதம் சினிமாக்காரர்கள் ட்ரியெஸ்தேக்கு வந்தபோது, துறைமுகக் கிடங்கில் காப்பிக்கொட்டை பொறுக்கிவிட்டு வாசலுக்கு வந்த நெரீனாவை இயக்குநர் பார்த்தார். "கதாநாயகனின் மனைவிக்கு இந்த முகம்தான் வேண்டும்" என்று அங்கேயே நின்றுவிட்டார். உள்ளூர்ப் பத்திரிகையில் சினிமா விமர்சனம் எழுதிக்கொண்டிருந்த அவள் கணவன் லீவியோவுக்கும் அதே படத்தில் வேலை கிடைத்தது. நடிகர்களின் உதட்டசைவுக்கு ஏற்ப வசனம் எழுதிப் பொருத்துகிற வேலை. நான்கு மாதம் என்று சொல்லி ஏப்ரலில் ரோமுக்குப் போனான். இப்போது நவம்பர்.

ஜூன் மாதம் தங்கை ஒண்டீனாவும் போனாள். டப்பிங்குக்கு நல்ல குரல் தேவைப்படுகிறது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று லீவியோதான் எழுதியிருந்தான். அவளுக்குப் பெட்டி அடுக்கிக் கொடுத்தவள் நெரீனா. தன்னுடைய ஒரே நல்ல கோட்டையும் மடித்து அதில் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் ஒண்டீனா படியேறி வந்தாள்.

"அக்கா!" என்று கட்டிக்கொண்டாள். தெரியாத வாசனை அடித்தது.

லீவியோ பின்னால் வந்தான். மீசை வைத்திருந்தான். மேலுதட்டை முழுக்க மூடி, கீழுதட்டிலும் கொஞ்சம் படுத்திருக்கிற மீசை. மனைவியின் நெற்றியில் முத்தமிட்டான். ஏழு மாதம் கழித்து வந்தவன் நெற்றியில் முத்தமிட்டால், அது வந்ததற்கான முத்தமா, போவதற்கான முத்தமா என்று எந்தப் பெண்ணுக்கும் தெரியும். நெரீனாவுக்கும் தெரிந்தது. தெரியாதது போல் அவன் கோட்டை வாங்கி ஆணியில் மாட்டினாள்.

மேசையின் தலைப்பக்கத்தில் மாமனார் பொர்தோலோ உட்கார்ந்திருந்தார். முப்பத்தொரு வருஷம் கப்பல் கட்டும் தளத்தில் இரும்புத் தகடுகளுக்கு ரிவிட் ஆணி அடித்தவர். அந்தச் சம்மட்டிச் சத்தத்தில் காது போய்ப் பத்து வருஷமாகிறது. வாயைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார். ஆனால் தான் பேசுவது எவ்வளவு சத்தம் என்று அவருக்குத் தெரியாது. பாவமன்னிப்புக் கேட்க ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம், ஆளில்லாத செவ்வாய்க்கிழமை வாருங்கள் என்று பாதிரியாரே கையெடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"என்னடா இது மூஞ்சில?" என்றார் மகனைப் பார்த்து. கீழ்வீட்டில் நாய் குரைத்தது.

லீவியோ ஏதோ சொன்னான்.

"ஒண்ணும் தெரியல. பேச்செல்லாம் மசுருல மாட்டிக்குது. செரைச்சுட்டு வா, அப்புறம் பேசு."

"ரோம்ல இப்ப எல்லாரும் இப்படித்தான் வெச்சிருக்காங்கப்பா" என்று லீவியோ சிரித்தான். அதுவும் அவருக்குத் தெரியவில்லை.

நெரீனா பரிமாறினாள். பிளம் பழத்தை உள்ளே வைத்து உருட்டிய உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை, மேலே வெண்ணெயில் வறுத்த ரொட்டித்தூளும் பட்டைப்பொடியும். லீவியோவுக்கு உயிர். காலை ஐந்து மணிக்கு எழுந்து செய்திருந்தாள்.

"மேல் மாடி ஸோராவையும் சாப்பிடக் கூப்பிடணும்" என்றாள்.

"நான் கூப்பிடறேன், பாரு" என்று ஒண்டீனா எழுந்து படிக்கட்டுக் கதவைத் திறந்தாள். தொண்டையைக் கொஞ்சம் கனைத்தாள். "ஸோரா! கொழுக்கட்டை ஆறுது, இறங்கி வாடி!"

நெரீனாவின் குரல். சொல்லின் கடைசியில் மூச்சை லேசாக உள்ளே இழுத்துக்கொள்கிற அதே இழுப்பு.

"வரேன் நெரீனா!" என்று மேலிருந்து பதில் வந்தது.

எல்லோரும் சிரித்தார்கள். சிறுமியாக இருந்தபோதே ஒண்டீனாவுக்கு இது கைவந்த கலை. இருட்டில் வீடு திரும்பி, கதவுக்கு வெளியே நின்று "நான்தாம்மா, நெரீனா" என்பாள். அம்மா நம்பித் திறப்பாள். திட்டு மட்டும் மறுநாள் நெரீனாவுக்கு விழும். அதற்கும் நெரீனா சிரித்தவள்தான்.

ஸோரா வந்தாள். கிடங்கில் நெரீனாவுக்குப் பக்கத்து இடம். இரண்டு பேரும் ஒரே தட்டில் பதினைந்து வருஷமாகக் கொட்டை பொறுக்குகிறவர்கள். உட்கார்ந்ததும் தட்டு நிரம்பியது, பேச்சும் நிரம்பியது. இயக்குநர் எப்படி, கதாநாயகி நிஜத்தில் அழகா, சம்பளம் எப்படி என்று ஒண்டீனாவைக் குடைந்து எடுத்தாள்.

"அதெல்லாம் இருக்கட்டும்" என்று ஒண்டீனா கையை நீட்டினாள். "லீவியோ, அந்தப் பட்டைப்பொடியை இங்க தள்ளேன்."

லீவியோ அதை உடனே தள்ளினான்.

"அத்தான்" என்று சேர்த்துக்கொண்டாள் ஒண்டீனா. பதினோரு வருஷமாக அத்தான், அத்தான் என்றுதான் கூப்பிட்டாள்.

ஸோரா நெரீனாவைப் பார்த்தாள். நெரீனா கொழுக்கட்டையைப் பார்த்தாள். ஆயிரம் நல்ல கொட்டைக்கு நடுவில் ஒரு புழுக்கொட்டையைக் கண்ணை மூடிக்கொண்டே எடுத்துவிடுவாள் என்று கிடங்கில் அவளுக்குப் பெயர். அந்தக் கை இப்போது முள்கரண்டியால் ஒரே கொழுக்கட்டையைத் துண்டு துண்டாக்கிக்கொண்டிருந்தது.

"படம் முடிஞ்சதும் உன்கிட்ட கொஞ்சம் பேசணும்" என்றான் லீவியோ.

"இப்பவே பேசேன்."

"இல்ல. நீ முதல்ல படத்தைப் பாரு."

* * *

பேட்டைக் கொட்டகையில் நிற்க இடமில்லை. கிடங்குப் பெண்கள் எல்லோரும் தலைவாரி, உதட்டுச்சாயம் பூசி, முன்வரிசைகளைப் பிடித்துவிட்டார்கள். சான் ஜாக்கமோ பேட்டையில் பிறந்த ஒருத்தி திரையில் வருவது இதுதான் முதல் தடவை. ஆண்களில் பாதிப் பேர் இன்னும் மதுக்கடையில் சீட்டாட்டத்தில் இருந்தார்கள். ஐந்து மணி ஆட்டத்துக்கு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

நெரீனா நடுவில் உட்கார்ந்தாள். ஒரு பக்கம் ஸோரா, இன்னொரு பக்கம் மாமனார். லீவியோவும் ஒண்டீனாவும் கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் இருந்தார்கள்.

படத்தின் பெயர் 'கடற்பாலத்தில் நின்றவள்'. கப்பல் அதிகாரி ஒருவன். ஊருக்கு வந்த பிரெஞ்சுக்காரி ஒருத்தி. இருவரும் ட்ரியெஸ்தேயின் எல்லாத் தெருவிலும் கைகோத்து நடக்கிறார்கள். ஆளையே தூக்குகிற போரா காற்றில், தெருவோரம் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டுகூட முத்தமிடுகிறார்கள். நிஜத்தில் அந்தக் காற்றில் முத்தமிட்டால் பல் உடையும். அது சினிமா, போகட்டும்.

அதிகாரியின் மனைவிதான் நெரீனா. மூன்றே காட்சி. முதலிரண்டில் பேச்சே கிடையாது. துணி காயப் போடுகிறாள், சன்னலில் நிற்கிறாள். அவள் வரும்போதெல்லாம் கொட்டகை கைதட்டியது.

மூன்றாவது, கடற்பாலத்துக் காட்சி.

அது எடுத்த நாள் நெரீனாவுக்கு நன்றாக நினைவிருந்தது. காற்றில் கண் எரிந்தது. இயக்குநர் பத்தடி தூரத்தில் நின்று கத்திக்கொண்டே இருந்தார். ஒலி பிறகு ரோமில்தானே சேர்க்கப் போகிறார்கள், யார் எவ்வளவு கத்தினாலும் கவலையில்லை. "எனக்கு வசனம் என்னங்க?" என்று கேட்டாள். "இன்னும் எழுதலைம்மா. நீ பாட்டுக்கு ஒண்ணுலேர்ந்து முப்பது வரைக்கும் எண்ணு. ஆனா சோகமா எண்ணு!" என்றார். கேமராவுக்குப் பின்னால், கையில் தொப்பியோடு லீவியோ நின்றிருந்தான்.

அவள் எண்ணினாள்.

இப்போது திரையில் அவள் முகம் வந்தது. சுவர் உயரத்துக்கு முகம். கதாநாயகனின் முதுகு ஓரமாகத் தெரிந்தது. அவள் வாய் திறந்தது.

"நீ போ" என்றது திரை. "உன்ன நான் தடுக்க மாட்டேன்."

அது அவள் குரல்.

"கல்யாணத்தன்னிக்குக் காலைல சர்ச் படிக்கட்டுல நின்னேன். எதிர்ல டிராம் போச்சு. அதுல ஏறி எங்கயாவது போயிடலாம்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. அன்னிக்கே போயிருக்கணும். உன்ன நான் என்னிக்கும் நேசிச்சதில்ல. அவகிட்ட போ. சந்தோஷமா இரு."

சொல்லின் கடைசியில் மூச்சை உள்ளே இழுக்கிற அந்த இழுப்போடு.

கொட்டகையில் பெண்கள் விசும்பினார்கள். ஸோரா நெரீனாவின் கையைப் பிடித்து இறுக்கினாள். "எப்படிடி சொன்ன? எப்படிச் சொல்ல முடிஞ்சுது உன்னால?"

நான் சொல்லவில்லை. நெரீனா தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டாள். நான் எண்ணினேன்.

அந்தப் படிக்கட்டும் டிராமும் பொய்யில்லை. அதுதான் கொடுமை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு நிமிஷம் அப்படித் தோன்றியது நிஜம். இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் பயம் அது. டிராம் போனது, பயமும் போனது, அவள் படியேறிப் போய் சம்மதம் என்று சொன்னாள். அதை வாழ்க்கையில் ஒரே ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தாள். ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு, சத்தியம் வாங்கிக்கொண்டு, கூடப் பிறந்தவளிடம்.

கணவன் எழுதியிருக்கிறான். தங்கை பேசியிருக்கிறாள். முகம் மட்டும் அவளுடையது.

அப்போதுதான் பக்கத்தில் பொர்தோலோவின் குரல் அந்த அழுகைக்கு நடுவில் வெடித்தது.

"ஏம்மா எண்ணிக்கிட்டே இருக்க?"

"உஷ்!" என்றது முன்வரிசை. "பெரியவரே, சும்மா இருங்க! அழ விடுங்க!"

நெரீனாவுக்கு அது காதில் விழுந்தது. மனதில் விழவில்லை.

* * *

வெளியே வந்தவளைப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "என்ன பெரிய மனசு!" என்றாள் ஒருத்தி. "நானா இருந்தா அவனைக் கடல்ல தள்ளியிருப்பேன்" என்றாள் இன்னொருத்தி. ஒரு கிழவி காதோரம் குனிந்து, "லீவியோவும் இப்படித்தான் ரோமோட இருந்துட்டான்ல? நீயே மனசார விட்டுட்ட. அதுவும் நல்லதுதான்" என்றாள்.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? நாளைக் காலை கிடங்கில் முந்நூறு பெண்கள் இதைத்தான் பேசுவார்கள்.

எதிரே இருந்த காப்பிக்கடைக்குள் லீவியோ அவளைக் கூட்டிப்போனான். ஒண்டீனா ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தாள். பொர்தோலோ உள்ளே வரவில்லை. தெருவில், கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே நின்று சுருட்டைப் பற்றவைத்தார்.

லீவியோ சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து வைத்தான்.

"நம்ம நாட்டுல கல்யாணத்தை முறிக்க முடியாது. உனக்கே தெரியும். ஆனா ரெண்டு பேரும் சம்மதிச்சு கையெழுத்துப் போட்டா, பிரிஞ்சு இருக்க நீதிபதி அனுமதி குடுப்பாரு. வக்கீல் எழுதிட்டாரு. நான் போட்டுட்டேன்."

நெரீனா பார்த்தாள். அவன் கையெழுத்தின் கீழ் ஓர் இடம் காலியாக இருந்தது.

"இதைக் கேக்கத்தான் படத்தைப் பாருன்னியா?"

"அப்படி இல்ல, நெரீனா. படம் பாத்தா உனக்கே புரியும்னு நெனச்சேன். நமக்குள்ள என்னவோ அதைத்தான் எழுதினேன். எனக்கு வாய்விட்டுப் பேச வராது. எழுத வரும்."

"உனக்குப் பேச வரலன்னா உன் வாயில எழுதிக்க. என் வாயில ஏன் எழுதின?"

அவன் மீசையைத் தடவினான். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் அவன். எந்தக் கேள்வியும் அவன்மேல் நின்றதில்லை.

நெரீனா தங்கையிடம் திரும்பினாள். "என் குரல்ல பேசினது நீ."

"வேலைக்கா அது" என்றாள் ஒண்டீனா வேகமாக. "எங்களுக்கு முழுப்படத்தைக் காட்டவே மாட்டாங்க. ஃபிலிமைத் துண்டு துண்டா வெட்டி, வளையமா ஒட்டி ஓட்டுவாங்க. முன்ன என்ன, பின்ன என்னன்னு தெரியாது. கையில குடுத்ததைப் படிப்போம், அவ்ளோதான். உன் குரல்லயே இருந்தா நல்லா இருக்கும்னு டைரக்டர் சொன்னாரு."

"சரி. அந்த சர்ச் படிக்கட்டு எந்தத் துண்டுல வந்துச்சு?"

ஒண்டீனா கோப்பைக்குள் பார்த்தாள்.

"டிராம் எந்தத் துண்டுல வந்துச்சு? நீ அவன்கிட்ட சொல்லாம அது அந்தக் காகிதத்துல எப்படி ஏறிச்சு? எப்ப சொன்ன? எங்க உக்காந்து சொன்ன?" நெரீனா அந்தக் கோப்பையை நகர்த்தி வைத்தாள். "உக்காந்துதான் சொன்னியா?"

"அக்கா..."

"என் கோட்டைக் கழட்டு."

ஒண்டீனா அழ ஆரம்பித்தாள். அவளுடைய சொந்தக் குரலில்தான் அழுதாள். நெரீனாவுக்கு அந்த அழுகையைக் கேட்கப் பிடிக்கவில்லை. இந்தத் தங்கை அழுதால் ஓடிப்போய்த் தூக்குவது இருபத்தேழு வருஷப் பழக்கம். கை தானாக மேசைக்கு மேல் எழுந்தது. பாதியில் இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"கையெழுத்துப் போடு, நெரீனா" என்றான் லீவியோ மெதுவாக. "ஊர்ல எல்லாரும் உன்ன எவ்ளோ உயர்வா பேசறாங்க, பாத்தியா? இந்த மாதிரி மரியாதையோட பிரியறது யாருக்குக் கிடைக்கும்?"

பேனாவைத் திறந்து அவள் பக்கம் வைத்தான்.

அவள் அதை எடுத்தாள் என்பதை மறைக்கப் போவதில்லை. ஒரு நிமிஷம் அவளுக்கே, ஒருவேளை நான் அப்படித்தான் சொன்னேனோ என்று தோன்றிவிட்டது. கொட்டகையில் முந்நூறு பேர் காதால் கேட்டிருக்கிறார்கள். அவள் ஒருத்தி இல்லை என்றால் யார் நம்புவார்கள்?

"கொஞ்சம் காத்து வாங்கிட்டு வரேன்" என்று எழுந்து வெளியே போனாள்.

* * *

பொர்தோலோ சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். பார்வை காப்பிக்கடைச் சன்னலுக்கு உள்ளேயே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவள் பக்கம் திரும்பினார்.

"நான் கேட்டதுக்கு நீ பதிலே சொல்லல."

"என்ன மாமா கேட்டீங்க?" என்று அவர் முகத்துக்கு நேராக நின்று கேட்டாள்.

"பாலத்துல நின்னு எதுக்கும்மா எண்ணுற? ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு. பொம்பளைங்க எல்லாம் வேற ஓன்னு அழறாளுங்க. எண்ணுறதுல அழ என்ன இருக்கு?"

நெரீனா கொட்டகை வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

முந்நூறு பேர் அல்ல. இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது. ஒருவர் அந்தக் குரலைக் கேட்கவே இல்லை. அவர் அவளைத்தான் பார்த்தார்.

"மாமா, முழுசும் எண்ணினேனா?"

"எங்க எண்ணின? பதினெட்டு வரைக்கும் போன. அப்புறம் நிப்பாட்டிட்ட." கிழவர் குரல் தெருவெல்லாம் கேட்டது. "அப்புறம் 'லீவியோ, போகாத, வீட்டுக்கு வா' அப்படின்ன. ரெண்டு தடவை சொன்ன. அது என் பையன் பேரு, அந்த நடிகன் பேரு வேறயாச்சேன்னு நெனச்சேன்."

நெரீனாவுக்கு அந்தக் காற்று திரும்ப வந்தது. பதினேழு, பதினெட்டு என்றபோது கேமராவுக்குப் பின்னால் நின்ற லீவியோ கடிகாரத்தைப் பார்த்தான். ரோமுக்கு வண்டிச்சீட்டு வாங்கப் போக வேண்டியிருந்தது அவனுக்கு. அதைப் பார்த்ததும் எண் மறந்துபோயிற்று. வாய் தானாக வேறு சொன்னது. காற்றில் யாருக்கும் கேட்டிருக்காது என்று அவளும் மறந்துவிட்டாள்.

ஆனால் ஃபிலிம் மறக்கவில்லையே. உதட்டுக்கு வசனம் பொருத்துகிறவன் செய்கிற வேலை என்ன? சின்னத் திரை வைத்த மேசையில் உட்கார்ந்து, அந்தத் துண்டை முன்னும் பின்னும் ஓட்டி, எந்த இடத்தில் உதடு மூடுகிறது, எங்கே திறக்கிறது என்று பார்த்துப் பார்த்து எழுதுவதுதான்.

காப்பிக்கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். உட்காரவில்லை.

"என் வாயை எத்தனை தடவை பாத்த?"

"என்ன?" என்றான் லீவியோ.

"அந்த மேசையில. எத்தனை தடவை?"

"நூறு தடவை இருக்கும். இருநூறு. ஏன்? தொழிலே அதுதானே."

"பதினெட்டுக்கு அப்புறம் நான் என்ன சொல்றேன்?"

லீவியோவின் கண் சன்னலுக்கு வெளியே நின்ற அப்பாவிடம் போனது. ரிவிட் அடிக்கிறவர் மகன் அவன். சின்ன வயதில் தளத்துக்குச் சாப்பாடு கொண்டுபோய், அந்தச் சத்தத்தில் உதட்டைப் படிக்கக் கற்றவன். இயக்குநர் அந்த வேலையை அவனுக்குக் கொடுத்ததே அதற்காகத்தான்.

"சொல்லு. இருநூறு தடவை வீட்டுக்கு வான்னு கூப்பிட்டிருக்கேன். இருநூறாவது தடவை 'அவகிட்ட போ'ன்னு அதுமேல எழுதியிருக்க." அவள் அழவில்லை. "தெரியாம பண்ணியிருந்தா உன்ன முட்டாள்னு திட்டிட்டுப் போயிருப்பேன். நீ பாத்துப் பாத்துப் பண்ணியிருக்க."

"அதுக்கு அர்த்தம் அப்படி இல்ல, நெரீனா..."

"அஞ்சு மணி ஆட்டத்துக்கு உன்ன மேடையேத்தறாங்களாமே? வந்துடு."

காகிதத்தை எடுத்து மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். கையெழுத்துப் போடவில்லை. கிழிக்கவும் இல்லை.

வெளியே வந்து மாமனாரின் கையைப் பிடித்தாள். "மாமா, எனக்காக இன்னொரு தடவை படம் பாக்கணும்."

"அந்த முத்தக் கண்றாவியை மறுபடியுமா?"

"கடற்பாலம் வரும்போது, திரையில நான் சொல்றதை அப்படியே சொல்லுங்க."

கிழவர் அவளை உற்றுப் பார்த்தார். பிறகு கண்ணாடிக்குள் உட்கார்ந்திருந்த மகனைப் பார்த்தார். சுருட்டைச் செருப்புக்கடியில் நசுக்கினார்.

* * *

ஐந்து மணி ஆட்டத்துக்கு ஆண்கள் வந்திருந்தார்கள். பின் நான்கு வரிசை முழுக்கத் தளத்துக் கிழவர்கள், மது வாசனையோடு. அழுத பெண்களில் பாதிப் பேர் இன்னொரு தடவை அழுவதற்காக மறுபடி சீட்டு வாங்கியிருந்தார்கள். கொட்டகைக்காரர் லீவியோவை மேடையேற்றி, "நம்ம பேட்டையின் எழுத்தாளர்" என்றார். லீவியோ தலை வணங்கிவிட்டு அவசரமாக இறங்கி, கதவோரம் போய் நின்றான். பக்கத்தில் ஒண்டீனா, கோட்டு இல்லாமல்.

கடற்பாலம் வந்தது. முகம் வந்தது.

"நீ போ" என்று ஆரம்பித்தது திரை.

"ஒண்ணு!" என்றார் பொர்தோலோ.

கொட்டகை துள்ளி விழுந்தது. யாரோ சிரித்தார்கள்.

"ரெண்டு! மூணு! நாலு!"

"யாருய்யா அது? வெளிய தள்ளு!"

"அஞ்சு! ஆறு! ஏழு!" சம்மட்டிச் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய தொண்டை. சர்ச் படிக்கட்டும் டிராமும் அதற்கடியில் அமுங்கிப்போயின. "எட்டு! ஒம்பது!"

கொட்டகைக்காரர் டார்ச் விளக்கோடு ஓடிவந்தார். அப்போது பின்வரிசையிலிருந்து இன்னொரு கிழக்குரல் வந்தது. "பத்து! அட, ஆமாடா. எண்ணத்தான் எண்ணுறா!"

"பதினொண்ணு!" என்றது மூன்றாவது குரல்.

தளத்தில் முப்பது வருஷம் வேலை செய்தவனுக்குக் காது இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். கப்பலின் வயிற்றுக்குள் எல்லோரும் உதட்டைப் பார்த்துத்தான் பேசுவார்கள். லீவியோ இந்தப் படத்தை உலகத்தில் எந்த ஊரில் வேண்டுமானாலும் காட்டியிருக்கலாம். சான் ஜாக்கமோ பேட்டையில், ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி ஆட்டத்தில் காட்டியிருக்கக் கூடாது. ரோமில் ஏழு மாதம் இருந்ததில் அப்பன் தொழில் அவனுக்கு மறந்துபோயிற்று.

"பதினஞ்சு! பதினாறு!" இப்போது ஏழெட்டுக் குரல்கள். "பதினேழு! பதினெட்டு!"

பிறகு எல்லாக் கிழவர்களும் ஒரே சமயத்தில் எண்ணுவதை நிறுத்தினார்கள். அவர்களுக்கும் அடுத்தது தெரிந்துவிட்டது.

பொர்தோலோ மட்டும் சொன்னார்.

"லீவியோ. போகாத. வீட்டுக்கு வா."

திரையில் நெரீனாவின் உதடு மறுபடி அசைந்தது.

"லீவியோ. போகாத. வீட்டுக்கு வா."

"சந்தோஷமா இரு" என்று முடித்தது ஒலிபெருக்கி. யாரும் அதைக் கேட்கவில்லை.

கொட்டகைக்காரர் ஃபிலிமை நிறுத்தச் சொன்னார். விளக்குப் போட்டார்கள். முந்நூறு தலைகள் கதவுப் பக்கம் திரும்பின. லீவியோ அங்கேயே, தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தான். பக்கத்தில் ஒண்டீனா இல்லை.

ஸோரா முகமெல்லாம் ஈரமாக நெரீனாவின் முன்னால் வந்தாள். "அப்ப நீ அவனை விடவே இல்லையாடி? இன்னும் வான்னுதான் சொல்றியா?"

"அது மார்ச்ல சொன்னது, ஸோரா" என்றாள் நெரீனா. கைப்பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். உள்ளே காகிதம் மொடமொடத்தது. "இன்னிக்கு என்ன சொல்றேன்னு நானே இன்னும் வாயைத் திறக்கல."

பொர்தோலோ அவள் தோளைத் தொட்டார். கத்திக் கத்தி அவர் முகம் சிவந்திருந்தது. ஆனால் கண்ணில் இருந்தது கோபம் இல்லை. அவள் அதுவரை அந்த முகத்தில் பார்த்திராத பயம்.

"இன்னொண்ணு இருக்கு. நீ காப்பிக்கடையிலேர்ந்து எழுந்து வெளிய வந்த பாரு, அப்ப அந்தச் சின்னவ இவன்கிட்ட ஒண்ணு சொன்னா. கண்ணாடி வழியா பாத்தேன். இவன் பதில் மீசைக்குள்ள போயிடுச்சு. அவ சொன்னது தெரிஞ்சுது."

"என்ன மாமா சொன்னா?"

கிழவர் வாயைத் திறந்தார். கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். முந்நூறு பேரில் ஒருவர்கூட இன்னும் எழுந்து போகவில்லை. கதவோரம் லீவியோ தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். வேண்டாம், வேண்டாம் என்று.

"வீட்டுக்கு வா, சொல்றேன்" என்றார் பொர்தோலோ. "எனக்கு மெதுவா பேச வராதும்மா."